கிட்டார் பெட்டியும் டெய்லர் ஸ்டூலும்

பம்பாயில் அந்தக் காலத்தில் கிட்டாருக்கு வால்வ் ஆம்ப்ளிபயர் செய்தவர்கள் பலர் இருந்திருக்கலாம். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் தடித்த கம்பியைத் தட்டினால் அடிக்குரல் ஆணி அடித்ததுபோல ‘டும்’ என்று விழுந்து, விழுந்த இடத்திலேயே நிற்கும்படி செய்தவன் மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒருவன்தான். அவன் நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வெட்கப்படுகிறவன் தகரக் கூரைக்குக் கீழே தொழில் ஆரம்பித்துச் செம்பூரில் சொந்த வீடு வாங்க முடியாது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பதினான்கு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவித் தோல் கிடங்கில் உப்புத் தோல் சுமந்தேன். பிறகு ஒரு ரேடியோ கடையில் பெட்டி தூக்கும் வேலை. அங்கே யாரும் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. கேட்டால் விரட்டுவார்கள். உதவாது என்று மூலையில் போட்ட பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, எந்தச் சாமான் எதற்கு என்று நானே கண்டுபிடித்தேன். கண்டன்சர் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிப்பேன். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன கணக்கு என்று கேட்டால் தெரியாது. எது பெரிது, எது சிறிது என்று தெரியும். அதற்கு மேல் தெரிந்தவர்கள் என்னிடம்தான் வேலைக்கு வந்தார்கள்.

அறுபதுகளின் நடுவில் எனக்குச் சொந்தக் கடை வந்துவிட்டது. எட்டடிக்கு ஆறடி. வாசலுக்கு மேலே ‘ரேடியோ, மைக் செட், ஆம்ப்ளிபயர்’ என்று நானே பெயிண்ட் அடித்து மாட்டிய போர்டு. கல்யாணம், கோயில் கொடை, சங்கத்துக் கூட்டம் எதுவானாலும் மைக் செட் என்னுடையதுதான். சயானிலிருந்து டிராம்பே வரைக்கும் என் குழாய் ஸ்பீக்கர் கட்டாத கம்பம் இல்லை.

மைக் செட்டுக்காரனுக்குப் பாதித் தொழில் அவன் குரல். “ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ...” என்று நான் ஆரம்பித்தால், தண்ணீர்க் குழாயில் சண்டை போடுகிறவர்கள் சண்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். வெண்கலத்தைத் தட்டினதுபோல ஒரு குரல். எந்தப் பெட்டியைச் செய்தாலும் மைக்கைச் செருகி அந்தக் குரலைக் கொடுத்துத்தான் சோதிப்பேன். குரல் சுத்தமாக வந்தால் பெட்டி சுத்தம். பத்து வருஷம் அது என்னை ஏமாற்றியதே இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு கிட்டார்க்காரர் வந்தார். பாலக்காட்டுப் பூர்வீகம், மாட்டுங்காவில் வீடு, கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கிளார்க். வெள்ளைச் சட்டையும் மூக்கில் கைக்குட்டையுமாக ரயில்வே பாலத்தைத் தாண்டி எங்கள் சந்துக்குள் இறங்கி வருவார். தோல் வாடைக்குப் பழக்கமில்லாத மூக்கு. ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து நடத்திய ஒரு மெல்லிசைக் குழுவில் அவர் கிட்டார் வாசித்தார். அந்தக் குழுவில் அடிக்குரலுக்கு வேறு வாத்தியம் கிடையாது. ஆர்மோனியம், தபலா, ஒரு வயலின், இரண்டு பாடகர்கள். பாட்டு முழுவதையும் இவருடைய தடித்த கம்பிகள்தான் கீழே நின்று தாங்க வேண்டும். செம்பூரில் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவில் அவர்கள் கச்சேரி. அதற்காக என்னிடம் ஒரு பெட்டி செய்யச் சொன்னார். அதுவரை நான் கிட்டாருக்குப் பெட்டி செய்ததில்லை. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. செய்துகொடுத்தேன்.

ஒரு வாரத்தில் கைவண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

“மிஸ்திரி, சத்தம் நன்னாத்தான் இருக்கு. ஆனா கீழ் ஸ்வரம் வாசிக்கறச்சே கொழகொழன்னு ஆயிடறது. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்ததோட போய் ஒட்டிக்கறது.”

“கொழகொழன்னா எப்படி சார்?”

“ஜலம் ஜாஸ்தியாப் போன உப்புமா மாதிரி.”

மைக்கைச் செருகினேன். ஹலோ சொன்னேன். சந்து முழுக்க மணியடித்தது. “கணீர்னு இருக்கே சார்!” என்றேன்.

“அது உம்ம குரல் ஓய். என் கிட்டார் இல்லை.”

அன்றைக்கே அந்த மனிதர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மைக் செட் தொழிலில் அடிக்குரலுக்குப் பாஸ் என்று பெயர். ‘பாஸ் சரியில்லை’ என்று ஒருவன் சொன்னால், பாஸ் போதவில்லை என்றுதான் அர்த்தம். கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டால் தூண் அதிர வேண்டும் என்பார்கள். அடிக்குரல் அதிகம் என்று எவனும் என்னிடம் வந்து அழுததில்லை. ஆகவே பெட்டியைத் திறந்து, ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குச் சத்தம் போகிற வழியில் இருக்கும் கண்டன்சரை மாற்றிப் பெரியதாகப் போட்டேன். அந்தக் கண்டன்சர் ஒரு வாசல் மாதிரி. பெரிதானால் அடிக்குரல் தாராளமாக உள்ளே போகும், சிறிதானால் குறையும். ஹலோ சொல்லிப் பார்த்தேன். அருமை. அனுப்பிவிட்டேன்.

மறுபடி வந்தது. “போன வாட்டியைக் காட்டிலும் மோசம்” என்றார். சரி, ஸ்பீக்கர் சின்னது என்று முடிவு செய்து பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் போட்டுப் பெட்டியையும் பெரிதாக்கினேன்.

எதிர்க்கடை டெய்லர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். கை மிஷினில் இருக்கும், கண்ணும் வாயும் என் கடையில் இருக்கும். கைவண்டி போவதையும் வருவதையும் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்து டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்னவே, அந்தப் பெட்டி ரெண்டு மட்டம் வந்துட்டுல்லா? தலைப்பிரசவத்துக்கு வந்த மாதிரி இங்கனயே கெடக்கே?”

டீக்கடையில் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. டீ கிளாஸை வைத்தேன்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. என் கையால போன பெட்டி எதுவும் ரெண்டு மட்டத்துக்கு மேல வந்தது கெடையாது. இது மூணாவது மட்டம் வந்துதுன்னா, என் போர்டை நானே எறக்கிருவேன். பொறவு இந்தத் தொழிலே கெடையாது.”

“நெசமாத்தான் சொல்லுதீரா?”

“நான் பொய் சொன்னத நீரு பாத்திருக்கீரா?”

மறுநாள் காலையில் கடை திறக்க வந்தால், என் போர்டுக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல் கிடக்கிறது. டெய்லர் உட்கார்ந்து காஜா எடுக்கிற ஸ்டூல். அவர் நின்றுகொண்டே துணி வெட்டிக்கொண்டிருந்தார். “அவசரத்துக்கு ஏணி தேட முடியாதுல்லா, அதான்” என்றார். நான் அதை நகர்த்தவில்லை. நகர்த்தினால் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடும். பெரிதாக்கிய பெட்டியை அன்றைக்கே அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கைவண்டி மறுபடி சந்துக்குள் திரும்பியது. அதன் சக்கரச் சத்தமே எனக்கு அடையாளம் தெரிந்தது. கிட்டார்க்காரர் முகத்தில் கைக்குட்டைகூட இல்லை. அவ்வளவு மனம் விட்டுப்போயிருந்தார்.

“நாளைக்குச் சாயங்காலம் ப்ரோக்ராம் மிஸ்திரி. போன வருஷம் வாடகைப் பெட்டியில வாசிச்சேன். முன் வரிசையில சிரிச்சா. வயிறு சரியில்லையான்னு ஒருத்தர் கேட்டார். இந்த வருஷமும் அப்படின்னா நான் இனிமே கிட்டாரைத் தொடறதா இல்லை.”

டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். மூன்று விரலைக் காட்டினார்.

“வே, கொஞ்சம் பொறும்” என்றேன். “பெட்டி ப்ரோக்ராமுக்குச் செஞ்சது. ப்ரோக்ராம் இன்னும் முடியல. நாளைக்கு இவுக என் பெட்டியில வாசிச்சு, அங்க சரியில்லன்னா, திங்கக்கிழமை காலையில போர்டு கீழ வரும். சந்துக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டே எறக்குதேன். போதுமா?”

“நானும் செம்பூருக்கு வருவேன்.”

“வாரும். துணைக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டும் வாரும்.”

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு கம்பி தளரவில்லை, ஒரு வால்வ் மங்கவில்லை. மைக்கைச் செருகி ஹலோ, ஹலோ என்றேன். கணீர் கணீர். படித்தவனுக்கு ஒரு வேலை போனால் இன்னொரு வேலை. எனக்கு அந்தப் போர்டுதான் சர்டிபிகேட். அதை இறக்கினால் மறுபடி கிடங்குதான்.

என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். சற்று நேரம் நின்று பார்த்தாள்.

“நானும் அரை மணி நேரமாக் கேக்கேன், ஹலோ ஹலோன்னு கத்துதிய. அந்தக் கிட்டார் சாமி மேடையில ஏறி ஹலோவா சொல்லப் போறாவ?”

“பேசாமப் போட்டீ. ஒனக்கு வால்வப் பத்தி என்ன தெரியும்?”

“வால்வு தெரியாது. தோசைக்கல்லு காஞ்சிட்டான்னு பாக்க, அதுல மாவத்தான ஊத்துதோம்? சோத்தப் போட்டா பாக்கோம்?”

போய்விட்டாள். நான் மைக்கைப் பிடித்தபடியே இருந்தேன். என் குரல் நல்ல குரலாக இருந்ததுதான் வந்த வினை. மேலே ஏறி நிற்கிற குரல் அது. கிட்டாரின் தடித்த கம்பி போகிற பள்ளத்துக்கு அது இறங்கவே இறங்காது. அது இறங்காத இடத்தில்தான் கோளாறு இருந்திருக்கிறது. நான் மூன்று மட்டமும் வீட்டின் மாடியைப் பெருக்கிவிட்டுக் கீழ்த்தளம் சுத்தம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் சொல்லாவிட்டாலும் இன்னும் ஒரு மணி நேரத்தில் எனக்கே தோன்றியிருக்கும். ஆனாலும் முதலில் சொன்னது அவள். அதை மறைக்கிறவன் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாட்டுங்காவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். “கிட்டாரை எடுத்துட்டு என் கடைக்கு வாங்க. நான் சொல்லுத வரைக்கும் வாசிச்சுக்கிட்டே இருக்கணும்” என்றேன். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கூடவே நடந்தார். கடையில் உட்கார இடமில்லை. போர்டுக்குக் கீழே கிடந்த டெய்லர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

“எந்தக் கம்பில கொழகொழப்பு?”

“ஆறாவது. தடிசு.”

“அத மட்டும் தட்டுங்க.”

தட்டினார். அன்றுதான் என் பெட்டியின் நிஜக் குரலை நான் முதல்முதலாகக் கேட்டேன். ‘டும்’ என்று விழ வேண்டியது ‘தொம்ம்ம்ப்’ என்று விழுந்து, பரவி, வழிந்தது. அவர் வேகமாக நாலு தட்டுத் தட்டினால் முதல் தட்டு தெரிகிறது, மற்ற மூன்றும் அதற்குள்ளேயே முழுகிப்போகின்றன. ஸ்பீக்கர் தாளில் விரலை வைத்துப் பார்த்தேன். தாள் முன்னால் வந்து, திரும்பிப் போகச் சோம்பல்பட்டு நின்றது. வால்வைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வாய் கொள்ளாமல் சோறு திணிக்கப்பட்டவன் மாதிரி அது இருந்தது. முதல் கவளத்தையே விழுங்கி முடிக்கவில்லை, நான் அடுத்தடுத்து ஊட்டுகிறேன். வாசலைப் பெரிதாக்கி ஊட்டியதும் நானேதான்.

அப்படியானால் வாசலைச் சிறிதாக்க வேண்டும். எழுதும்போது ஒரு வரிதான். மைக் செட்டுக்காரன் தன் கையால் பாஸைக் குறைப்பது என்பது, மிட்டாய்க் கடைக்காரன் சர்க்கரையைக் குறைப்பது மாதிரி. கை வரவில்லை. ஆனாலும் போட்ட பெரிய கண்டன்சரை வெட்டி எடுத்தேன். வால்வ் பெட்டியில் முந்நூறு வோல்ட் நிற்கும். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே தங்கியிருக்கும், தொட்டால் தூக்கி எறியும். ஆகவே ஒவ்வொரு மட்டமும் அணைத்து, தங்கின கரண்டை இறக்கிவிட்டு, புதிதாக ஒன்றை ஒட்டி, மறுபடி போட்டு, வால்வ் சூடாகும்வரை காத்திருந்து, “ம், தட்டுங்க” என்பேன். அவர் தட்டுவார். புள்ளி ஒன்று என்று எண் போட்ட கண்டன்சர் போய்ப் புள்ளி பூஜ்யம் ஐந்து வந்தது. கொஞ்சம் தேவலை. இன்னும் சிறிதாகப் போனேன். ஒரேயடியாகச் சிறிதாக்கியதில் சத்தம் தகர டப்பா மாதிரி ஆகிவிட்டது. ஒரு படி பின்னால் வந்தேன்.

சந்தில் கூட்டம் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் வேலையில்லை.

“காலையிலருந்து ஒரே கம்பியத்தான் தட்டுதாவ. மத்த அஞ்சும் அறுந்துட்டோ?” என்று குழாயடியிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“படிச்சவங்களுக்கு ஒண்ணு போதும்ட்டி” என்றாள் இன்னொருத்தி.

கைவண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு, “அரே மிஸ்திரி, கானா பஜாவ் நா!” என்று கத்தினான். பாட்டாவது வாசிக்கச் சொல்லு என்கிறான். கிட்டார்க்காரர் எதையும் கவனிக்கவில்லை. என் மனைவி கொடுத்த காப்பியை, யார் கொடுத்தது என்றுகூடப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆறாவது கம்பியையே தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று கண்ணைத் திறந்தார்.

“மிஸ்திரி, இப்போ என்ன பண்ணினீர்?”

புள்ளி பூஜ்யம் இரண்டில் இருந்தேன். அதோடு, முதல் வால்வின் காலில் கட்டியிருந்த இருபத்தைந்து நம்பர் தடித்த கண்டன்சரையும் கழற்றிவிட்டு ஒன்றாம் நம்பர் சின்னதைப் போட்டிருந்தேன். அதுவும் அடிக்குரலை ஊட்டி வளர்க்கிற சாமான்தான்.

“குறைச்சேன் சார்” என்றேன்.

“இன்னொரு தரம் தட்டறேன், கேளும்.”

தட்டினார். நாலு தட்டும் நாலு தட்டாகவே விழுந்தன. நடுவில் சின்ன இடைவெளி, அதில் ஒரு சத்தமும் இல்லை. பாஸைக் குறைத்த பிறகுதான் பாஸ் எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்தது. பாக்கி இருந்தது லேசான ஓர் அதிர்வு. அது பெட்டியின் பின்பலகை. தோல் கிடங்கிலிருந்து ஒரு கை அளவு தோல் துண்டு வாங்கி வந்து, கீற்றுக் கீற்றாக வெட்டிப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்துத் திருகாணியை இறுக்கினேன். கோட்டைப் பக்கத்துப் பெரிய ரேடியோ கடைக்காரனுக்கு இந்த வசதி உண்டா, சொல்லுங்கள்.

மதியத்துக்கு மேல் டாக்ஸியில் பெட்டி செம்பூர் போனது. நானும் டெய்லரும் பஸ்ஸில் போனோம். காலையில் நாலு தட்டையும் அவரும் கேட்டிருந்தார். ஆனாலும் சந்து வேறு, சபை வேறு.

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் நானூறு தலை இருக்கும். இரண்டாவது பாட்டு கிட்டாரின் கீழ்க் கம்பியில், தனியாக ஆரம்பிக்கிற பாட்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தக் காரியம் நடந்தது. ஆர்மோனியக்காரர்தான் குழுவுக்குத் தலைவர். அவருக்கு என்ன சந்தேகமோ, எழுந்து போய் என் பெட்டியில் ‘பாஸ்’ என்று எழுதியிருந்த திருகைக் கோடிவரை திருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் எழுந்துவிட்டேன்.

டெய்லர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். “உக்காரும்வே. மறைக்குதீருன்னு பின்னால ஏசுதாவ.”

“பின்னால யாரு இருக்கா? சுவருதான் இருக்கு.”

“எனக்கு மறைக்குது. உக்காரும்.”

கிட்டார்க்காரர் தட்டினார். டும். டும். டும்-டும். கடைசி வரிசை நாற்காலிக்கு அடியில் வந்து ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டியது. திருகைக் கோடிவரை திருகியும் ஒன்றும் வழியவில்லை. வழிவதற்கு உள்ளே விட்டால்தானே? வாசலில் நான் நிற்கிறேனே! அவர் வாசித்துக்கொண்டே முன் வரிசையைப் பார்த்தார். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு கிட்டார்க்காரர் மேடையின் ஓரம், மத்தி, கடைசி வரிசை என்று கண்ணால் என்னைத் தேடினார். நான் கையைத் தூக்கவில்லை. தூக்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் டெய்லர் குனிந்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அது வந்தது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை காலையில் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினேன். செம்பூருக்கு வராதவர்கள் ஓடிவந்தார்கள். “எறக்கப் போறாரு, எறக்கப் போறாரு” என்று டீக்கடை முழுக்க எழுந்து நின்றது. ஸ்டூல் ஆடியது.

“வே, டெய்லரே, சும்மா பாத்துக்கிட்டு நிக்காம வந்து பிடியும்.”

வந்து பிடித்தார். போர்டில் ‘ஆம்ப்ளிபயர்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் நாலு விரல் இடம்தான் பாக்கி இருந்தது. அதில் ‘கிட்டார்’ என்று எழுதினேன். எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

“கொஞ்சம் பெருசா எழுதப்படாதா? கண்ணுக்கே தெரியலயே” என்றார் கீழேயிருந்து.

“சின்னதாப் போட்டாத்தான்வே நிக்கும்” என்றேன்.

அதன் பிறகு பம்பாயின் எந்தெந்த மூலையிலிருந்தோ கிட்டார்க்காரர்கள் வந்தார்கள். பாந்திராவிலிருந்து கோவாக்காரர்கள் வந்தார்கள், அம்பர்நாத்திலிருந்து ஃபேக்டரி ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்கும் நான் ஹலோ சொல்லிச் சோதித்துக் கொடுத்ததில்லை. எல்லாரையும் அந்த ஸ்டூலில் உட்காரவைத்து, தடித்த கம்பியைத் தட்டச் சொல்லித்தான் வேலையைத் தொடங்குவேன். டெய்லர் தனக்கு வேறு ஸ்டூல் செய்துகொண்டார். இதை அவர் திருப்பிக் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.